சரோஜா கண்டுபிடித்த மணி

1

சென்ற சனிக்கிழமையோடு நாங்கள் இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம் முடிந்தது. என் வீட்டுக்காரர் நினைவு வைத்திருந்து ஒரு கேக் வாங்கி வந்தார். கோமதி என்கிற என் பெயரைக் கடைக்காரர் கேக்கின்மேல் எழுதியிருந்த அழகில் அது 'குமட்டி' என்றுதான் படிக்கக் கிடைத்தது. வெளியே முழங்கால் அளவு பனி. மிச்சிகனில் டிசம்பர் மாதம் எப்படியிருக்கும் என்று ஓமலூரிலும் சங்ககிரியிலும் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், ஐஸ் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு நாலு மாதம் இருப்பதைப் போல.

நாலு தமிழ்க் குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வந்தவர்களில் திருச்சிக்கார அம்மாள் ஒருவர். என் மகள் வித்யா அவருக்குப் பந்தியில் பரிமாறிக்கொண்டே, "இன்னுங்கொஞ்சம் போட்டுக்கோங்க, வெக்கப்படாதீங்க" என்று சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் அப்படியே கையை நிறுத்திவிட்டார்.

"போன வருஷம் இவ தமிழ்ல வாயே திறக்க மாட்டாளே! யார் சொல்லிக்குடுத்தா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "கோடை லீவுல ஊருக்குப் போயிருந்தோமில்லையா, அங்கே பிடிச்சுக்கிட்டா" என்றேன். ஊர் என்றேன், அங்கே என்றேன். என் தங்கை சரோஜாவின் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை வயதில், கூடப்பிறந்தவளின் பெயரைச் சொல்ல மனம் வராமல் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போகிறது. அது எப்படி ஆயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

வித்யாவுக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். பன்னிரண்டு வயதுக்குமேல் இந்த நாட்டுப் பிள்ளைகள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்றால் "நல்லா". என்ன சாப்பிடுகிறாய் என்றால் "எதாவது". தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். ஆங்கிலத்தில் கேட்டால் என் உச்சரிப்பைக் கேட்டு ஒரு சின்னச் சிரிப்பு. அவளையும் குறைசொல்ல முடியாது. நான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் கேட்ட புத்தகம் வெளியே போயிருக்கிறது என்பதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று சொன்னேன். அவர் எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். அந்தக் கதை இவள் காதுவரை வந்து சேர்ந்து, ஒரு வருடம் என்னைப் படுத்தி எடுத்தாள்.

ஆனால் சனிக்கிழமை பிற்பகல் வேறு வித்யா. எங்கள் வீட்டின் கீழறையில் அவளும் அவளுடைய நாலு சிநேகிதர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அது ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரவாதி, இப்படி. எதிரே ஒரு பாழுங்கிணறு, என்ன செய்கிறாய் என்று கேட்டால், இன்னது செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பல பக்கங்கள் உள்ள பகடையை உருட்டித் தெரிந்துகொள்வார்கள். கதையை நடத்துகிறவள் என் மகள். மேலே என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், கீழே கிழவியாக, பூதமாக, ராஜாவாக மணிக்கணக்கில் பேசினாள். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்பேன். அவள் சிரிப்பு படியேறி வரும். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது. தட்டில் பஜ்ஜி கொண்டுபோனால் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு நான் போவதற்காகக் காத்திருப்பார்கள்.

அவர்கள் கதையில் ஒரு மாய மணி இருந்தது. பாழடைந்த கோயில் ஒன்றில் அவர்களுக்குக் கிடைத்தது. வெண்கல மணி. ஆனால் உள்ளே அடிக்கிற நாக்கு இல்லை. அதற்கு ஏதோ ஒரு சக்தி உண்டு, என்னவென்று கண்டுபிடிப்பது உங்கள் பாடு என்று வித்யா சொல்லிவிட்டாள். ஒன்றரை வருடமாக அந்தப் பிள்ளைகள் அதைக் கத்தியால் தட்டினார்கள். இரும்பில், எலும்பில், தங்கத்தில் நாக்குச் செய்து மாட்டினார்கள். மந்திரம் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பஜ்ஜித் தட்டோடு போன நான், "அது என்னத்துக்குத்தான் ஆகும், எனக்கு மட்டும் சொல்லேன்" என்று கேட்டேன். "அம்மா, நீ விளையாடவே இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

3

இந்த ஜூன் மாதக் கடைசியில் நானும் வித்யாவும் மட்டும் புறப்பட்டோம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பம்பாய் விமான நிலையத்தில் எனக்கு ஒரு வரிசை, அவளுக்கு ஒரு வரிசை. நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன், மாற்ற மனம் வரவில்லை. அவளுடையது அமெரிக்கா. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே அவள் நின்றாள். அதிகாரி என்னிடம், "அது உங்கள் பெண்ணா?" என்று கேட்டார். ஆம் என்றேன். இரண்டு பேரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

சங்ககிரியில் சரோஜா வீடு லாரிப்பேட்டைக்குப் பின்புறம். எங்கள் அப்பா அம்மா காலமான பிறகு ஊருக்குப் போனால் அவள் வீடுதான் எனக்கு. அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்காரர் தங்கவேலு இரண்டு லாரி வைத்திருக்கிறார். மாதத்தில் பாதி நாள் சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே லைனில் இருப்பார். இரண்டு பையன்களும் நாமக்கல்லில் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். வீட்டில் அவள் மட்டும். நாள் முழுக்க வாசலில் லாரிகள் உறுமும். டிரைவர்களோடு சத்தம் போட்டுக்கொண்டே துவைப்பாள், சமைப்பாள், ரேடியோவுக்குப் பதில் சொல்வாள்.

வித்யாவைப் பார்த்ததும் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "ஏஞ்சாமி, இப்பிடி எளச்சுக் கெடக்கற? அமெரிக்காவுல அரிசி இல்லியா?"

வித்யா யோசித்து, "பசை இருக்குது, சின்னம்மா" என்றாள். பசிக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். நான் திருத்த வாயெடுப்பதற்குள் சரோஜா, "பசை இருந்தா ஒட்டிக்க வேண்டீதுதான், வா" என்று இடுப்போடு சேர்த்து உள்ளே கூட்டிப்போய்விட்டாள். அரிசிம்பருப்புச் சோறு. நெய். நான் போட்டால் ஓரமாக ஒதுக்குகிற அதே சோறு. இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து தலை வாருவதும் சரோஜாதான். இங்கே வித்யா என்னைக் கிட்டே விடமாட்டாள். அங்கே காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து, எண்ணெய் வழிய வழிய, கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள்.

4

ஊருக்குப் போன ஒரு வாரத்தில் வித்யா பகடைப் பையை எடுத்துக்கொண்டு தனியாக உருட்ட ஆரம்பித்தாள். சிநேகிதர்கள் நினைவு வந்திருக்கும். சரோஜா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"இதென்ன கண்ணு, தாயக்கட்டையாட்டவே இருக்குது? இத்தன பக்கம் எதுக்கு?"

வித்யா தனக்குத் தெரிந்த தமிழில், தெரியாத இடத்தில் கையால், விளையாட்டைச் சொன்னாள். நான் நடுவில் மொழிபெயர்க்கப் போனேன். "நீ இரு, அக்கா, புள்ளயே சொல்லட்டும்" என்றாள் சரோஜா.

"யாரு வேணும்னாலும் ஆகலாம், சின்னம்மா. ராணி, திருடி, யாரு வேணா."

"எனக்கு வண்டி வேணும். வண்டியில்லாம நான் எங்கயும் வரமாட்டேன்."

"குதிரை இருக்கு."

"குதிரைய யாரு மேய்க்கறது? ரெட்டமாட்டு வண்டி போதும். வண்டியில ஒரு கோணி அரிசி, ஒரு பானை தண்ணி. கையில ஒரு அருவா. பேரு வீராயி. எழுதிக்க."

இப்படித்தான் வீராயி பிறந்தாள். அன்று பொழுது சாய்கிறவரை இருவரும் முன்னறைப் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடினார்கள். வித்யா தன் பழைய கதையையே வைத்துக்கொண்டாள். ஆனால் கோட்டைக்கு மட்டும் ஜன்னலைக் காட்டினாள். அங்கே சங்ககிரி மலைமேல் நிஜக் கோட்டை நின்றது. அமெரிக்காவில் எங்கோ கற்பனையில் இருந்த கோட்டையை இங்கே சரோஜாவுக்காக இறக்கிவைத்தாள். பேய் வந்தால் வீராயி பேரம் பேசுவாள். திருடன் வந்தால் அவன் எந்த ஊர், யார் மகன் என்று விசாரிப்பாள். பகடை சரியாக விழாவிட்டால், "அது செல்லாது, காத்துல உருண்டுபோச்சு" என்று சாதிப்பாள். வித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழறையிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்த அதே சிரிப்பு. இப்போது என் கண்ணெதிரே, வேறொருத்திக்கு.

மூன்றாம் நாள், "நானும் வருகிறேன்" என்றேன். ஆசையால் வரவில்லை. சரோஜா மட்டும் அவளோடு இருப்பதைப் பொறுக்க முடியாமல் வந்தேன். வித்யா ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தாள். கதையில் நான் ஒரு வைத்தியச்சி. எனக்கு என்ன பெயர் வைத்தேன் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.

அன்றுதான் கதையில் மணி வந்தது. தமிழில் விவரிக்கத் தெரியாமல் வித்யா அதை ஒரு தாளில் வரைந்து பாயின் நடுவில் வைத்தாள். தன் நாக்கை நீட்டித் தொட்டுக்காட்டி, "இது இல்ல" என்றாள். சிநேகிதர்களுக்கு அவள் அதை வாயால் சொன்னதோடு சரி, வரைந்து காட்டியதில்லை. அமெரிக்காவில் ஒருவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றும் சொன்னாள்.

எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவளைப் பெற்றவள் நான். இவள் மனதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

நாலைந்து நாட்கள் அதே நினைப்புதான். குளிக்கும்போதும் மணி, கடைக்குப் போகும்போதும் மணி. கதையில் அதைக் கோயிலில் கட்டினேன். மாட்டின் கழுத்தில் கட்டினேன். உச்சிவெயிலில் வைத்தேன். மண்ணில் புதைத்தேன். அவள் சின்ன வயதில் தூங்குவதற்குப் பாடிய பாட்டை அதனிடம் பாடினேன். அப்போது மட்டும் வித்யா கொஞ்சம் தயங்கி, "இல்லைம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். சரோஜா மணியைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. "வண்டியில கெடக்கட்டும், சோத்துக்கா கேக்குது" என்று விட்டுவிட்டாள்.

5

ஆடி மாதம் பிறந்து காற்று தூக்கியடித்தது. தாள்களின்மேல் படியையும் உழக்கையும் வைத்துக்கொண்டு விளையாடினோம். கோட்டை வாசலில் ஒரு காவலன். கையில் ஈட்டி. அவனைத் தாண்டினால்தான் கதை மேலே போகும். அமெரிக்கப் பிள்ளைகள் அவனிடம் எத்தனையோ முறை சண்டை போட்டுத் தோற்றிருக்கிறார்கள். வெட்டினாலும் எழுந்து நிற்பானாம். நான் என் மருந்துப் பையிலிருந்து மயக்கப்பொடியைத் தூவினேன். பகடை சரியாகவே விழுந்தது. ஆனாலும் அவன் அசையவில்லை.

சரோஜா காற்றில் பறந்த முந்தானையைச் செருகிக்கொண்டு கேட்டாள். "ஏங்கண்ணு, அந்த ஆளு எத்தன வருசமா நிக்கறான்?"

"நூறு வருஷம், சின்னம்மா."

"சோறு தண்ணி?"

வித்யா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "இல்ல."

"அட பாவமே! நூறு வருசமா வெய்யில்ல நிக்கறவங்கிட்டப் போயி ஈட்டியப் புடுங்கறன், பொடியத் தூவறன்னா அவன் என்ன பண்ணுவான்? மொதல்ல ஒருவாய் தண்ணி குடுக்கோணும். என்ற வண்டியில பானை இருக்குதல்ல?"

"இருக்கு." வித்யாவின் குரல் மாறிவிட்டது. "எதுல குடுப்பீங்க?"

"டம்ளர்லதான்."

"டம்ளர் இல்ல."

அவள் விரல்கள் பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் நான்தானே. ஏதோ நெருங்கிவிட்டது என்று புரிந்தது. என்ன என்று புரியவில்லை. சரோஜாவுக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரத்தில், "கையில் ஊத்து! கையில் ஊத்து!" என்று கத்தினேன்.

"கையில ஊத்துனா மருவாதியா இருக்குமாக்கா?" என்றாள் சரோஜா. பிறகு பாயின் நடுவில் கிடந்த படத்தின்மேல் விரலை வைத்தாள். "இதா, இந்த லோட்டாவுல மொண்டு குடுக்கறேன்."

"எந்த லோட்டா?" என்றேன் நான். "அது மணி."

"உனக்கு மணி. எம்பக்கத்துல இருந்து பாரு, லோட்டாவாட்டத்தான் இருக்குது. நான் மொத நாள்லயே நெனச்சேன், மணிங்கறாங்களே, செரி, இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

வித்யா அலறினாள். வாசலில் டயர் மாற்றிக்கொண்டிருந்த டிரைவர்கூட எட்டிப்பார்த்தார். பாயின் குறுக்கே பாய்ந்து சரோஜாவைக் கட்டிக்கொண்டாள். உழக்கு உருண்டது, தாள்கள் பறந்தன. அது மணியே இல்லை. கவிழ்ந்து கிடந்த கிண்ணம். ஒன்றரை வருடமாக அவள் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைத்திருந்த ரகசியம் அவ்வளவுதான்: அதைத் திருப்பிப் பிடித்து அந்தக் காவலனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மூச்சு வாங்க உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, காவலனின் குரலில் வித்யா மீதியைச் சொன்னாள். அவன் குடித்தான். ஈட்டியைச் சுவரில் சாத்தினான். "இனிமே நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டான்.

"போ சாமி, போயிட்டு வா" என்றாள் சரோஜா. அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கலங்கவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. சரோஜா யோசித்துக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அன்று மாலை வித்யாவைத் தனியாகப் பிடித்து, "அந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முதலில் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்துத்தான் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அந்தத் துளியாவது எனக்கு வேண்டியிருந்தது. தோளைக் குலுக்கினாள். "சும்மாதாம்மா. எல்லாரும் மணின்னு நெனைப்பாங்க, ஜாலியா இருக்கும்னு வெச்சேன்."

6

இரண்டு நாள் கழித்துச் சரோஜா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, வித்யா ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று. என்னிடம் கேட்கவில்லை. சரோஜாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"புள்ள ஆசப்படறா. சேலத்துல ஆபீசுல கேட்டுப்போட்டு வரலாமாக்கா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நல்லவள், நான் கெட்டவள் என்றாகும். போனோம். வித்யாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். சேலத்தில் அயல்நாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் தங்குவதைப் பார்க்கிற அலுவலகம். வயதான குமாஸ்தா ஒருவர் பொறுமையாகக் கேட்டார். அமெரிக்காவிலிருந்து அப்பாவின் சம்மதம் வேண்டும், பள்ளிக்கூடத்தின் கடிதம் வேண்டும், இங்கே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அடுக்கினார்.

"பொறுப்பு யாருங்க?"

"நாந்தானுங்க" என்றாள் சரோஜா, நான் வாய் திறப்பதற்குள்.

"புள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"அம்மாங்க."

குமாஸ்தா பேனாவை நிறுத்தி என்னைக் காட்டினார். "அப்ப இவங்க?"

"இவங்களும் அம்மாதானுங்க. பெத்தவங்க."

அவர் சிரித்தார். சரோஜாவும் சிரித்தாள். படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒரு பெயர்தான் எழுத முடியும் என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிலையத்தில் ஒரு கடையோரம் சரோஜா கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. சுற்றிலும் ஆத்தூர், தம்மம்பட்டி என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"உனக்கு ரெண்டு பசங்க இருக்கறாங்க சரோஜா. எனக்கு இருக்கறது ஒண்ணு. அதையும் எடுத்துக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?"

சரோஜா பாட்டிலைக் கீழே வைத்தாள். இந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. சத்தம் போடவில்லை.

"நீ வந்தீன்னா எங்கூட்டுக்குச் சனம் வருது. எதுக்கு வருது? உன்னையப் பாக்க. ஊடு என்னுது, காப்பி போடறது நானு. அத்தன பேரும் உம்மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. என்னையப் பாத்து, 'சரோசா, இன்னொரு டம்ளரு'ங்கறாங்க. படிப்புல நீ மொதல்ல. ஏரோப்ளேன் ஏறுனது நீ. அப்பா படுக்கையில கெடந்தப்ப மேலுக்குத் தொடச்சு உட்டது நானு, அவரு போற வரைக்கும் கேட்டது உன்னைய. நான் எதுனா சொன்னனா? உனக்கு முன்னால நான் ஒண்ணே ஒண்ணுதாங்க்கா கண்டுபுடிச்சேன். அந்த மணி. அது நெசத்துல மணிகூட இல்ல, காயிதத்துல வரைஞ்சது. அன்னைக்கு உம்மூஞ்சி போன போக்கப் பாத்தேன். அதையாவது எனக்கு உடுக்கா."

சங்ககிரி பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறினோம். ஒரே சீட்டில், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்தோம். என்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்துகொண்டிருப்பாள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மிச்சிகன் பனியில் கார் கண்ணாடியைச் சுரண்டும்போதெல்லாம் நான் நினைத்துக்கொண்டது இவளைத்தான். ஊரில் இருக்கிறாள், வெயிலில் இருக்கிறாள், அப்பா அம்மா பக்கத்தில் இருந்தாள், கொடுத்துவைத்தவள். இவள் துணி காயப்போடும்போது ஆகாயத்தைப் பார்த்து என்னை நினைத்திருக்கிறாள். இது தெரிந்ததால் என் எரிச்சல் குறைந்தது என்று எழுத ஆசைதான். குறையவில்லை. அப்பா கடைசியில் என்னைக் கேட்டார் என்பதை மட்டும் வீடு வரும்வரை மனதில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதுதான் என் லட்சணம்.

7

வீட்டுக்கு வந்ததும் வித்யாவிடம், "இருந்து படிக்கிறதானால் இரு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று சொன்னேன். பஸ் நிலையத்தில் சரோஜா பேசியதற்குப் பிறகு வேறு எப்படிச் சொல்வது? சரோஜா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வித்யா பல் துலக்கிக்கொண்டே வந்தாள். "நான் வரேன்மா, உன்கூட."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஏண்டா?"

"நான் இல்லேன்னா சனிக்கிழமை கதை யாரு நடத்துவாங்க? அவங்க நாலு பேரும் வெயிட் பண்றாங்க. சின்னம்மா மணியக் கண்டுபிடிச்சதைச் சொல்லணும்."

எனக்காக இல்லை. அந்த நாலு பேருக்காக. சரோஜா தோற்றதாக எண்ணி நான் சந்தோஷப்பட்ட அந்த நொடியிலேயே, இரண்டு பேரும் தோற்றோம் என்று தெரிந்தது. சரோஜா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அதும் செரிதான், கத பாதியில நிக்கக் கூடாது" என்றாள். பிறகு அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது, காரணம் கேட்க ஆளில்லை.

8

ஊரிலிருந்து திரும்பிய முதல் சனிக்கிழமை வித்யா தன் சிநேகிதர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு பையன் தலையை மேசையில் முட்டிக்கொண்டானாம். சங்ககிரியில் ஒரு வீராயி இருக்கிறாள், மாட்டுவண்டியில் வருவாள், பேயிடம் பேரம் பேசுவாள் என்று கீழறை முழுக்க அவள் புகழ்தான். அந்த நாலு பேரும் வீராயி தங்கள் கதைக்கும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சரோஜாவைக் கொண்டுவர முடியாது. கதை நடத்துகிற வித்யாவைத் தவிர, வீராயி எப்படிப் பேசுவாள் என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் ஒருத்திதான்.

வித்யா படியேறி வந்து கேட்டாள். "அம்மா, நீ வீராயியா விளையாடறயா?"

எனக்கென்று ஒரு வைத்தியச்சி இருந்தாளே, அவளை ஒருவரும் கேட்கவில்லை. அது சுருக்கென்றது. வேலை இருக்கிறது என்று சொல்ல இருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

நாலு மாதமாகப் படுதோல்வி. நான் எது செய்தாலும் பிள்ளைகள் வித்யாவைப் பார்ப்பார்கள், உங்கள் சின்னம்மா இப்படித்தான் செய்வாரா என்று. என் தங்கையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு என் தங்கையிடமே தோற்பது என்பது எல்லாருக்கும் வாய்க்கிற அனுபவமில்லை.

கேக் வெட்டினோமே, அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் விருந்தினால் தள்ளிப்போன விளையாட்டு. கதையில் எங்கள் கூட்டம் தெரியாத ஊர் ஒன்றில் ஒரு சத்திரத்துக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறந்தவள் சத்திரக்காரி. வித்யா கிழவியைப் போல முதுகை வளைத்து, யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று ஆங்கிலம் வரவில்லை. வாயைத் திறந்தேன். சரோஜா வந்தாள்.

"சங்ககிரிங்க. வண்டி மாடெல்லாம் களைச்சுப்போச்சுங்க. ஒரு ஓரமாப் படுத்துக்கலாமுங்களா?"

அந்த நாலு பேரும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். வித்யாவின் முதுகு நிமிர்ந்தது. முகத்தில் ஒரு சிவப்பு ஏறியது. அந்த மேசையில் அதுவரை தமிழ் ஒரு சொல்கூட விழுந்ததில்லை.

"அப்படீங்களா? எத்தன பேருங்க?" என்றாள்.

"அஞ்சு பேருங்க. நாலும் வெள்ளக்காரப் புள்ளைங்க, சாதுங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தாள். சோறு என்ன வேண்டும் என்று கேட்டாள், நான் சொன்னேன். மாட்டுக்குத் தீவனம் கேட்டேன், விலை சொன்னாள், அநியாயம் என்றேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனோம். பிள்ளைகள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் மகள் என்னோடு இவ்வளவு நேரம் பேசி எத்தனையோ வருடமாயிற்று. அவள் பேசியது சரோஜாவோடுதான், எனக்குத் தெரியும். பதில் சொன்னது நான்.

"எத்தன நாளைக்குத் தங்குவீங்க?" என்று சத்திரக்காரி கேட்டாள்.

"நீ போகச் சொல்ற வரைக்கும், சாமி."

வித்யா பகடையைத் தள்ளி வைத்தாள். பிறகு கதவை அகலத் திறப்பதைப் போல இரண்டு கைகளையும் விரித்தாள்.

"அப்ப இருங்க" என்றாள்.